காணாமல் போன இரண்டு தகடுகள்

அத்தியாயம் 6

பகல் ஒரு மணிக்கு நிரஞ்சனி கண்டி, மஹய்யாவையில் ஹலீமின் கராஜுக்குள் நுழைந்தாள். இரண்டு மணிக்கு மோட்டார் பரிசோதகர் வந்து விபத்துக் காரைப் பார்த்து அறிக்கை எழுதப் போகிறார். மூன்று மணிக்கு ஹலீமை நீதவான் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். அந்த அறிக்கையில் ‘தகடு இல்லை’ என்று இரண்டே சொல் விழுந்தால் போதும், முப்பது வருடம் ஊருக்கே பிரேக் பார்த்துக் கொடுத்த மனிதர் விளக்கமறியலில் சிறைக்குப் போக வேண்டியதுதான்.

நிரஞ்சனி துப்பறிகிறவள் என்று எங்கும் பலகை மாட்டிக்கொண்டதில்லை. பத்து வருடம் வாகன விபத்துகளை மதிப்பிடும் உத்தியோகம் பார்த்தாள். மேலதிகாரி காட்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்க மறுத்து வெளியே வந்தாள். அவளுடைய உதவியாளன் ருஷ்திக்குச் சொந்தமாக ஒரு த்ரீவீலும் ஒரு வாயும் உண்டு. த்ரீவீலையாவது நிறுத்தலாம்.

வழக்கு இதுதான். அம்பிட்டியவில் இருக்கும் வீரசிங்கம், ஓய்வுபெற்ற மாநகர சபை எழுத்தர், 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் கார் ஒன்றைப் பிள்ளையைப் போல வளர்த்து வந்தார். அதன் முன் சில்லுகளில் இருந்த பழைய டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, டிஸ்க் பிரேக் போட்டுத் தரும்படி ஹலீமிடம் கொடுத்தார். கார் கைக்கு வந்து இரண்டு கிழமை ஆகவில்லை. போன ஞாயிறு காலை அம்பிட்டிய இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஒரு மதிலில் போய் மோதியது. வீரசிங்கம் இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. டிஸ்க்குக்குப் பின்னால் இருக்க வேண்டிய தகடுகள், கராஜ்காரர்கள் பேக்கிங் பிளேட் என்று சொல்பவை, இரண்டு சில்லிலும் இல்லை. தண்ணீர், சேறு, ஒயில் எதுவும் டிஸ்க்கில் படாமல் மறைப்பது அந்தத் தகடுதான்.

“அந்தத் தகட்டால வந்த சண்ட மஹய்யாவ முழுக்கத் தெரியும் மிஸ்,” என்றாள் பாயிஸா. ஹலீமின் மனைவி. இரண்டு நாளாகத் தூங்காத முகம். “வீரசிங்கம் ஐயா சொன்னார், டிஸ்க் பளபளண்டு ஈக்குது, அதப் போய் தகரத்தால மூடுறதா எண்டு. வெளிநாட்டுல பழைய கார் வச்சீக்கிற ஆக்கள் எல்லாம் அதக் கழட்டி வீசிட்டுத்தான் ஓடுறாங்களாம். இன்டர்நெட்டுல வாசிச்சாராம். தேவையே இல்லயாம்.”

“அதுக்கு ஹலீம் என்ன சொன்னாரு?”

“‘ஐயா, அவங்க வெயில் பாத்து கார வெளிய எடுக்கிற ஆக்கள். நீங்க அம்பிட்டிய மழையில ஏறி இறங்குற ஆள். அதோட மூணு மாசத்துக்கு ஒருக்கா அடிப்பக்கத்துக்கு ஸ்ப்ரே ஒயிலும் அடிக்கிறீங்க. டிரம்முக்கு மூடி ஈந்திச்சு. இதுக்கு இந்தத் தகடுதான் மூடி’ எண்டார். ஐயா கோவத்துல, எனக்கு வேணாம் எண்டு கத்திட்டுப் போனார். ஆனா இவர் போட்டுத்தான் குடுத்தார்.”

“போட்டதை நீங்க கண்ணால பாத்தீங்களா?”

பாயிஸா தலையைக் குனிந்தாள். “பாக்கல்ல மிஸ். பொய் சொல்ல மாட்டன்.” பிறகு குரல் உடைந்தது. “நேத்து பொலிஸ் ஜீப்புல ஏறக்கொள்ள என்னையே கேக்கிறார், ‘பாயிஸா, நான் போட்டேன்தானே?’ எண்டு. எல்லாரும் இல்ல இல்லண்டு சொல்லிச் சொல்லி, அவருக்கே அவர்ட வேல மேல நம்பிக்க போயிட்டு.”

ஒரு மனிதனை உள்ளே வைத்துப் பூட்டுவது ஒரு கொடுமை. தான் செய்த வேலையை அவனே சந்தேகிக்க வைப்பது அதைவிடப் பெரிய கொடுமை என்று நிரஞ்சனிக்குப் பட்டது.

எல்லாரும் என்று பாயிஸா சொன்னதில் ஒருவர் முக்கியமானவர். ஸ்ரீதரன். ஹலீமும் அவரும் ஒரே கராஜில் தொழில் பழகிய கூட்டாளிகள். இப்போது ஸ்ரீதரன் அம்பிட்டிய வீதியில் சேர்விஸ் ஸ்டேஷன் நடத்துகிறார். விபத்துக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை, மொரிஸ் மைனரை சேர்விஸ் செய்து அடிப்பக்கத்துக்கு ஒயில் அடித்தவர் அவர்தான். மழை ஊரில் துரு பிடிக்காமல் இருக்க எல்லா வாகனத்துக்கும் செய்கிற வேலை அது. மோதிய காரை இழுத்துக்கொண்டு போய்த் தன் வளவில் நிறுத்தி வைத்திருப்பவரும் அவரே.

அவர் பொலிசில் அழுதுகொண்டே சொன்ன வாக்குமூலம் நிரஞ்சனியின் பையில் இருந்தது. ‘ஒயில் அடிக்கும்போதே தகடு இல்லை என்று கண்டேன். டிஸ்க்கில் ஒயில் பட்டிருக்கும். அதனால்தான் பிரேக் வழுக்கியிருக்கும். அப்போதே சொல்லாமல் விட்ட நானும் பாவிதான்.’

“கூட்டாளியே சொன்ன பிறகு யார் நம்பாம விடுவாங்க?” என்றாள் நிரஞ்சனி.

“நான்,” என்றான் ருஷ்தி. “சாட்சி சொல்லிட்டு அழுதீந்தா நம்பியிருப்பன். அழுதுக்கிட்டே சாட்சி சொல்றது நாடகத்துலதான் மிஸ் நடக்கும்.”

“நீ நாடகம் பாக்கிறதைக் குறைச்சுக்க.”

சுவரில் ஓர் ஆணியில் மட்டை ஒன்று தொங்கியது. பிஸ்கட் பெட்டியை வெட்டிச் செய்தது. பெரிய பிறை மாதிரியான உருவம், நடுவில் ஒரு வட்ட ஓட்டை, அதைச் சுற்றி நான்கு சிறிய துளைகள். மூலையில் பேனாவால் ‘வீர. ஐயா மைனர் – முன்’ என்று எழுதியிருந்தது.

“கடையில அந்தக் காருக்குத் தகடு இல்ல. அதான் மட்டையில அளவு வெட்டி, அத வச்சுத் தகரத்துல அவரே செஞ்சார்,” என்றாள் பாயிஸா. “செஞ்சார் எண்டு பொலிசுக்கும் சொன்னன். செஞ்சிருப்பார், ஐயாக்குப் பயந்து போடாம விட்டிருப்பார் எண்டுறாங்க.”

நிரஞ்சனி குனிந்து, மேசைக்கு அடியில் இருந்த ஒரு டின்னை எடுத்தாள். துருவுக்கு அடிக்கும் சிவப்பு பெயின்ட். மூடி இன்னும் பிசுபிசுத்தது.

“இது எதுக்கு அடிச்சது?”

“அந்தக் காருக்குத்தான். தகடு பூட்டுற இரும்புக்கு முதல்ல பெயின்ட் அடிச்சிட்டு, அது காய்ஞ்ச பிறகுதான் மத்த வேல. ரெண்டு நாள் கையெல்லாம் சிவப்பு. ஜும்ஆ தொழுகைக்குப் போக முன்ன மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சு விட்டது நான்தான்.”

நிரஞ்சனி டின்னைக் கீழே வைக்கவில்லை. மற்றக் கையால் ஆணியில் தொங்கிய மட்டையைக் கழற்றி எடுத்தாள். பிறகு, “ருஷ்தி, ஸ்ரீதரனுக்கு கோல் எடு. நாங்க வர்றோம்னு சொல்லு,” என்றாள்.

ருஷ்தி அழைப்பை ஸ்பீக்கரில் போட்டான். மறுமுனையில் கனிவான குரல்.

“தாராளமா வாங்க தம்பி. ஹலீமுக்காக ஓடுறீங்க, நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்? பரிசோதகர் ஐயா வர்றதுக்குள்ள காரோட அடிப்பக்கத்தை ஒரு தடவை தண்ணி அடிச்சுக் கழுவிடுறேன். சேறும் சகதியுமா காட்டுனா மரியாதையா இருக்காது பாருங்க.”

“கழுவ வேணாம்னு சொல்லு!” என்று நிரஞ்சனி கத்துவதற்குள் அழைப்பு நின்றது. மறுபடி எடுத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை.

“மிஸ், கழுவினா என்ன? காரும் குளிக்கத்தானே வேணும்?”

“அவரு கழுவப் போறது காரை இல்ல. ஹலீமோட சாட்சியை. ஓடு!”

கண்டியில் பகல் ஒன்றரைக்கு அவசரப்படுகிறவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். பள்ளிக்கூட வேன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வீதிக்கு வந்திருந்தன. வாவிக்கரையில் வாகனங்கள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. ருஷ்தி ஒரு பஸ்ஸுக்கும் ஒரு லொறிக்கும் நடுவே, இடமே இல்லாத இடத்தில் நுழைந்தான். பஸ் சாரதி தலையை வெளியே நீட்டி அவனுடைய வாப்பாவைப் பற்றி ஏதோ விசாரித்தான்.

“சுகமா ஈக்கிறார்!” என்று ருஷ்தி பதில் சொல்லிவிட்டு முறுக்கினான்.

நிரஞ்சனி சிரிக்கவில்லை. மடியில் வைத்திருந்த மட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பம்பைப் போட்டால் ஒரு காரின் அடிப்பக்கத்தைக் கழுவி முடிக்கப் பத்து நிமிடம்கூட வேண்டாம். அழைப்பு நின்று பதினேழு நிமிடம் ஆகியிருந்தது.

அம்பிட்டிய வீதியில் ஏறும்போதே பம்பின் இரைச்சல் கேட்டது. வளவுக்குள் மொரிஸ் மைனர், வாகனம் தூக்கும் ஹொயிஸ்ட்டில் ஏறி நின்றது. கதவுகளில் பொலிஸ் ஒட்டிய சீல். முகம் நசுங்கி, ஒரு விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. பின்பாதி அடிப்பக்கம் கழுவித் துடைத்த பானை போலச் சுத்தமாக இருந்தது. ஸ்ரீதரன் தண்ணீர்த் துப்பாக்கியுடன் மெல்ல முன் சில்லுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார். தண்ணீர் கியர்பெட்டி வரைக்கும் வந்துவிட்டது.

ருஷ்தி வண்டியை நிறுத்துவதற்கு முன்பே குதித்து ஓடினான். சுவரில் இருந்த மெயின் சுவிட்சைப் பிடித்து இழுத்தான். பம்ப் முனகி அடங்கியது.

“கரண்ட் போயிட்டு அண்ணே,” என்றான், சுவிட்சில் வைத்த கையை எடுக்காமலே. “இந்தப் பக்கம் அடிக்கடி போகுமா?”

ஸ்ரீதரன் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நிரஞ்சனிக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். ஐம்பது வயது. அமைதியான மனிதர். கண்கள் மட்டும் சிவந்திருந்தன.

“முன்பக்கம் மட்டும்தான் மிஸ் பாக்கி. அஞ்சு நிமிஷ வேலை.”

“அது அப்படியே இருக்கட்டும். பரிசோதகர் சேறைப் பாத்து பயப்படுற ஆள் இல்ல.”

சரியாக இரண்டு மணிக்கு மோட்டார் பரிசோதகர் மஹ்மூத் வந்து சேர்ந்தார். கையில் அறிக்கைக் கோவை, காதில் பென்சில். நிரஞ்சனியை அவருக்குப் பழைய உத்தியோகத்திலிருந்தே தெரியும். “பத்து நிமிஷம் தாறன். அதுக்கு மேல கேக்க வேணாம்,” என்றார்.

முன் சில்லுகள் இரண்டையும் கழற்றினார்கள். டிஸ்க்குகள் மொட்டையாக நின்றன. பின்னால் தகடு இல்லை. உட்பக்கத்தில் ஒயில் மினுமினுத்தது. மஹ்மூத் உதட்டைப் பிதுக்கினார். பென்சில் காதிலிருந்து கைக்கு வந்தது.

“தகடு இல்ல. டிஸ்க்குல ஒயில். இனி நான் வேற என்ன எழுதறது?”

“எழுதுறதுக்கு முன்னாடி இவர்கிட்ட ரெண்டு கேள்வி,” என்றாள் நிரஞ்சனி. “ஸ்ரீதரன், வியாழக்கிழமை ஒயில் அடிச்சது யாரு?”

“நான்தான் மிஸ். என் கையால.”

“அப்போ தகடு இல்ல?”

“இல்ல. பொலிசுலயும் சொல்லியிருக்கேன்.”

“ஒயிலை அவசரத்துல அங்க இங்க விட்டுட்டு அடிச்சிருப்பீங்களோ?”

அதுவரை தணிந்திருந்த ஸ்ரீதரனின் குரல் நிமிர்ந்தது. “என்ன மிஸ் இப்படிக் கேக்குறீங்க? இருபத்திரண்டு வருஷமா அடிக்கிறேன். ஒரு ஊசி முனை இடம் விடமாட்டேன். கண்டியில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.”

“கேக்க வேணாம். நான் நம்புறேன்,” என்றாள் நிரஞ்சனி.

டோர்ச்சை வாங்கி உள்ளே அடித்தாள். சில்லைத் தாங்குகிற இரும்பு முழுவதும் கறுப்பு. பழைய ஒயிலின் மேல் மூன்று நாள் சேறு ஒட்டி, காய்ந்து, தடித்திருந்தது. ஆனால் டிஸ்க்குக்குப் பின்னால், இரும்பின் முகத்தில், நான்கு போல்ட்டைச் சுற்றி உள்ளங்கை அளவு இடம் மட்டும் பளிச்சென்று சிவப்பாக இருந்தது. ஹலீம் அடித்த பெயின்ட், நேற்று அடித்தது போல.

அவள் மட்டையை எடுத்து அதன் மேல் பிடித்தாள். வட்ட ஓட்டை வட்டத்தில் உட்கார்ந்தது. நான்கு துளையும் நான்கு போல்ட்டில் உட்கார்ந்தன. சிவப்பு முழுவதும் மட்டைக்குள் மறைந்தது.

மஹ்மூத் மட்டையை விலக்கி, அந்தச் சிவப்பில் விரலை வைத்துத் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

“ஊசி முனை இடம் விடாத ஆள் நீங்க,” என்றாள் நிரஞ்சனி. “இந்த இடத்துக்கு மட்டும் ஏன் ஒயில் போகல? தகடு இல்லாம இருந்திருந்தா இதுதான் முதல்ல கறுத்திருக்கணும். நீங்க அடிக்கும்போது தகடு இங்க இறுக்கிப் பூட்டியிருந்திருக்கு. சேறும் படல. அப்போ ஞாயித்துக்கிழமை மோதுற வரைக்கும் பூட்டித்தான் இருந்திருக்கு. அதுக்கப்புறம் கார் வேற எங்கயும் போகல. உங்க கூரைக்குக் கீழதான் நிக்குது.”

“டிஸ்க்குல ஒயில் இருக்கே மிஸ்!” ஸ்ரீதரனின் குரல் கிறீச்சிட்டது. “அது எப்படி வந்துச்சு?”

“ஸ்ப்ரே அடிச்சா புள்ளி புள்ளியா விழும். இது கோடு கோடா இருக்கு. துணியில தொட்டுத் தடவியிருக்கீங்க.”

“கதவுக்கு மட்டும் சீல் வச்சிட்டுப் போயிட்டாங்க,” என்று ருஷ்தி முணுமுணுத்தான். “அடிப்பக்கம் கவனிப்பாரில்ல.”

ஸ்ரீதரன் அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மஹ்மூத் கோவையை மூடிவிட்டு அவர் முன்னால் வந்து நின்றார்.

“தகட்ட ஏன் கழட்டின? பிரேக் போனதுக்கு உண்மைக் காரணம் என்ன? நான் பிரேக் சிலிண்டரத் திறந்து ரப்பரப் பாத்தா தெரிஞ்சிடும். நீயே சொல்லிடு.”

ஸ்ரீதரன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“வியாழக்கிழமை நல்ல மழை, இருட்டு. பிரேக் ஒயில் குறைஞ்சிருந்துச்சு, ஊத்தினேன். மிச்சம் மீதியை எல்லாம் சோடா போத்தல்ல ஊத்தி வச்சிருப்போம் ஐயா, எல்லாரும் செய்யறதுதான். பக்கத்துப் போத்தல்ல கியர் ஒயில் இருந்துச்சு. மாத்தி எடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை காரை இழுத்துட்டு வந்து, மனசு கேக்காம சிலிண்டர் மூடியைத் திறந்தேன். கறுப்பா இருந்துச்சு. கியர் ஒயில் பட்டு ரப்பரெல்லாம் ஊதி, அதாலதான் பிரேக் போயிருக்கும்னு அப்பவே தெரிஞ்சிடுச்சு. வீரசிங்கம் ஐயா செத்துட்டா நான் கொலைகாரன். பயந்துட்டேன். அந்த ஒயிலை எடுத்துட்டு சரியானதை ஊத்தினேன். தகடு சண்டையை ஹலீம்தான் என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்லியிருந்தான். அதான் ராவோட ராவா...”

“உங்க கூட்டாளியை உள்ள தள்ளுறோமேன்னு தோணலையா?” என்றாள் நிரஞ்சனி.

“அவனுக்கு ஊர்ல நல்ல பேரு மிஸ். எப்படியும் விட்டுருவாங்கன்னு நினைச்சேன். எனக்கு அந்தப் பேரு இல்ல.”

தகடுகள் இரண்டும் கழிவு ஒயில் பீப்பாயின் அடியில் கிடந்தன. ருஷ்தி தோள் வரை கையை விட்டு எடுத்தான். மஹ்மூத் அங்கேயே நின்று அறிக்கையை எழுதி, பொலிசுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார்.

“ஹலீம்கிட்ட நானே சொல்றேன்,” என்றார் ஸ்ரீதரன். நிரஞ்சனி மறுக்கவில்லை. இரண்டு ஐம்பதுக்கு ருஷ்தியின் த்ரீவீல் பொலிஸ் நிலைய வாசலில் நின்றது.

ஹலீம் உள்ளே ஒரு நீண்ட மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கடுதாசி, கையில் பேனா. ஸ்ரீதரனைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அடே மச்சான், வந்திட்டியா! சேர்விஸ் ஸ்டேஷனப் பூட்டிட்டா வந்த? நல்லதாப் போச்சு. பாயிஸாட்ட போய் நீதான் சொல்லோணும். நான் மறந்துட்டன் போல மச்சான். ராவெல்லாம் யோசிச்சுப் பாத்தன். எனக்குப் போட்ட மாதிரித்தான் ஈக்குது. ஆனா நீ கண்ணால பாத்து இல்லண்டு சொல்லீக்கிறாய். நீ பொய் சொல்ல மாட்டாய். அதான் ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்திடுவம் எண்டு...”

“எழுதாத,” என்றார் ஸ்ரீதரன்.

“ஏன்?”

“நீ போட்டிருந்த ஹலீம். ரெண்டு பக்கமும் போட்டிருந்த. கழட்டினது நான். பிரேக்கைக் கெடுத்ததும் நான்தான்.”

ஹலீம் சிரித்த முகத்தோடு அப்படியே இருந்தார். சொன்னது அவருக்குள் போய்ச் சேர நேரம் எடுத்தது. பிறகு பேனாவை மெதுவாகக் கடுதாசியின் மேல் வைத்தார். நிரஞ்சனியைப் பார்த்தார்.

“அப்ப நான் போட்டீக்கிறன் மிஸ்?”

“போட்டிருக்கீங்க. நல்லா இறுக்கிப் போட்டிருக்கீங்க.”

“மறக்கல்ல?”

“மறக்கல.”

ஹலீம் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். ஸ்ரீதரன் அவர் தோளைத் தொடக் கையை நீட்டினார். ஹலீம் எழுந்து, வாங்கின் மறு கோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.